தண்ணீர் போகும் வழியில் ஒரு நாள்

சென்னை, பெங்களூர், புதுச்சேரி என்று பல ஊர்களிலிருந்தும் குடும்பத்தோடு ஒரு நாள் பயணமாகத் திருவண்ணாமலைக்கு வந்துபோகும் உங்கள் எல்லோருக்கும்,



உங்களுடைய அந்த ஒரு நாள் எப்படிப் போகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தேரடி வீதிக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறேன். விடுமுறை நாள் வந்தால் எங்கள் வாசலில் ஏதாவது ஒரு கார் நிற்காமல் இருக்காது. இருட்டோடு கிளம்பி எட்டு மணிக்குள் வந்து சேருகிறீர்கள். ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறீர்கள். 217 அடி, பதினொரு நிலை என்று அப்பா சொல்ல, பிள்ளைகள் கழுத்து வலிக்கும்வரை எண்ணுகிறார்கள். பிறகு வரிசை. வரிசை முடிந்து தரிசனம், தரிசனம் முடிந்து சாப்பாடு, சாப்பாடு முடிந்து ரமணாசிரமத்து மயில். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையைக் காரிலேயே சுற்றி, கண்ணாடி வழியாகவே எட்டு லிங்கங்களுக்கும் கும்பிடு போட்டுவிட்டு, நாலு மணிக்கு ஊர் திரும்பும் சாலையைப் பிடித்துவிடுகிறீர்கள். பிள்ளைகள் அதற்குள் பின்சீட்டில் தூங்கியிருப்பார்கள். 2024 மே மாதத்திலிருந்து சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் வழியாக ஒரு ரயிலும் வருகிறது. அது நள்ளிரவை ஒட்டி வந்து விடியுமுன் திரும்பிவிடும். காலையில் கண் விழித்து ஊரைப் பார்க்க நினைப்பவர்களை மனதில் வைத்துப் போட்ட நேரமாகத் தெரியவில்லை.

இதில் எதையும் நான் குறை சொல்ல வரவில்லை. சாமி கும்பிட வருகிறவர்கள் சாமி கும்பிட்டுவிட்டுப் போகலாம். உங்களில் ஒரு அம்மா கேட்ட கேள்விக்குத்தான் இந்த மடல். ஷாங்காயில் சில வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய குடும்பம் அவர்களுடையது. காருக்காகக் காத்திருந்த நேரத்தில் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, சீனாவில் அவர்கள் போய்வந்த கால்வாய் ஊர் ஒன்றின் படங்களைக் கைபேசியில் காட்டினார்கள். கல் பாலம், பாலத்தின் கீழே படகு, இரண்டு கரையிலும் கறுப்பு ஓட்டு வீடுகள், சிவப்பு விளக்குகள். "அங்கெல்லாம் ஒரு நாள் போனா பிள்ளைங்களுக்குக் காட்ட எவ்வளவோ இருக்கு. இங்க கோயிலை விட்டா என்னங்க இருக்கு?" என்றார். அதற்குள் கார் வந்துவிட்டது. நான் சொல்ல நினைத்ததை அவரிடம் மட்டும் சொல்வதைவிட உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அவர்கள் காட்டிய ஊரின் பெயர் சூஜியாஜியாவ். ஷாங்காய் மாநகரத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. இப்போது மெட்ரோ ரயிலிலேயே போய் இறங்கலாம். அங்கே 1571-இல் கட்டிய ஃபாங்ஷெங் பாலம் ஐந்து கல் வளைவுகளோடு இன்றும் நிற்கிறது. அந்தப் பாலத்தடியில் மீனை வாங்கித் தண்ணீரில் விடுவது புண்ணியம் என்று வழிவழியாக வந்த நம்பிக்கை. நம் ஊர்க் கோயில் குளத்தில் மீனுக்குப் பொரி போடும் பாட்டிகள் அங்கே போனால் மொழி தெரியாமலே ஒட்டிக்கொள்வார்கள். அந்தப் பகுதி முழுக்க இப்படிப்பட்ட ஊர்கள்தான். பெய்ஜிங்கிலிருந்து ஹாங்சௌ வரை சுமார் 1,800 கிலோமீட்டர் ஓடும் சீனப் பெருங்கால்வாயும், அதன் தென்முனைப் பக்கத்து ஆறுகளும் ஏரிகளும் சேர்ந்து, தெருவுக்குப் பதிலாக வாய்க்காலே வழியாக இருந்த நாடு அது. வடக்கே தலைநகரத்துக்கு அரிசி போனது அந்தப் பெருங்கால்வாய் வழியாகத்தான். 2014-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஆனால் அந்த ஊர்கள் தாமாகப் பிழைத்துவிடவில்லை. பக்கத்திலேயே சோவ்சுவாங் என்று இன்னொரு கால்வாய் ஊர். 1980-களில் வளர்ச்சி என்ற பெயரில் பழைய ஊர்களை இடித்துச் சாலை போடத் தொடங்கியபோது, துங்ஜி பல்கலைக்கழகப் பேராசிரியர் ருவான் யீசான் அதைக் காப்பாற்றத் திட்டம் வரைந்து கொடுத்து, அதிகாரிகளோடு மல்லுக்கு நின்றார். 1984-இல் சென் யீஃபெய் என்ற ஓவியர் அந்த ஊரின் இரட்டைப் பாலத்தை வரைந்தார். ஓவியத்தை ஓர் அமெரிக்கத் தொழிலதிபர் வாங்கிச் சீனத் தலைவர் தெங் சியாவ்பிங்குக்கே பரிசாகக் கொடுக்க, ஊர் உலகப் புகழ் பெற்றது. இன்று உள்ளே போக நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். நெல் ஏற்றிய படகு இப்போது உங்களைப் போன்றவர்களை ஏற்றுகிறது. துணி துவைத்த படித்துறையில் புகைப்படம் எடுக்கிறார்கள். வீடுகளில் பாதி கடை. அப்படியாவது அந்த ஊர் நிற்கிறதே என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். அதைப் பார்த்துவிட்டு வந்து, இங்கேயும் அய்யங்குளத்தில் படகு விடலாம், கரையில் வண்ண விளக்குப் போடலாம் என்று யோசனை சொல்கிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

காரணம், எங்கள் தண்ணீர் இன்னும் வேலையில் இருக்கிறது. பார்க்க வேண்டியதும் அந்த வேலையைத்தான்.

பஞ்சபூதத் தலங்களில் எங்கள் ஊர் நெருப்புக்கு உரியது என்பது உங்களுக்குத் தெரியும். கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலையுச்சியில் கொப்பரையில் நெய் ஊற்றி ஏற்றும் சுடர் பதினோரு நாள் எரியும். அந்தத் தீபம் எந்தப் பருவத்தில் வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? வடகிழக்குப் பருவமழையின் நடுவில். பல வருடங்களில் தீபத்துக்கு முந்தின வாரம் ஊரே நனைந்து கிடக்கும். கொப்பரையை ஏற்றுகிறவர்கள் சறுக்கும் பாறைமேல் ஏறுவார்கள். அந்தப் பாறைதான் விஷயம். மலை பெரும்பகுதியும் பழம்பாறை. மேலே விழும் மழை அதில் ஊறுவது குறைவு. விரிசல் வழியாகக் கொஞ்சம் இறங்கும், மீதியெல்லாம் சில மணி நேரத்தில் அடிவாரத்துக்கு வந்துவிடும். அங்கே பிடித்துவைத்தால் உண்டு, விட்டால் போயிற்று. மலையைச் சுற்றி 360 தீர்த்தங்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த எண்ணிக்கைக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் காரில் கடந்துபோகும் கிரிவலப் பாதையில் லிங்கத்துக்குப் பக்கத்தில் குளம் இருப்பதைக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தால் தெரியும். அக்னி லிங்கத்தருகே அக்னி தீர்த்தம், எமலிங்கத்தருகே சிம்ம தீர்த்தம், நிருதி லிங்கத்தருகே சோண தீர்த்தம். மலையிலிருந்து இறங்கும் தண்ணீரை மறித்து நிறுத்த எங்கெங்கே குளம் வேண்டுமோ அங்கங்கே குளம் வெட்டி, அதன் கரையில் சாமியையும் உட்கார வைத்திருக்கிறார்கள். சாமி இருந்தால் யாரும் தூர்த்துவிட மாட்டார்கள் என்ற நம்பிக்கையாக இருக்கலாம். அந்த நம்பிக்கை முழுதாகப் பலிக்கவில்லை என்பதையும் பாதையில் பார்க்கலாம்.

1896-இல் இங்கே வந்து சேர்ந்த ரமணர், 1916 வரை மலைமேல் விருபாட்ச குகையில் இருந்தார். கோடையில் அங்கே தண்ணீர் கிடைக்காது. அந்த மாதங்களில் முலைப்பால் தீர்த்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாமரத்துக் குகைக்கு மாறிவிடுவார். பிறகு ஆறு வருடம் இருந்த கந்தாசிரமத்திலும் சுனை உண்டு. ஞானியானாலும் குடிக்கத் தண்ணீர் இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் இருக்க வேண்டியிருந்தது. ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் மயிலோடு நிறுத்திக்கொள்ளாமல், கால் தெம்பாக இருந்தால் பிள்ளைகளைக் கந்தாசிரமம்வரை கூட்டிப்போகலாம். போகும் வழியில் இருக்கும் மரங்களில் பெரும்பாலானவை உங்களைவிட வயதில் சின்னவை. 1980-களில் இந்த மலை மொட்டைப் பாறையாக இருந்தது. உள்ளூர்க்காரர்களும் வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியவர்களும் சேர்ந்து கன்று நட்டு, கோடைத் தீயை அணைத்து அணைத்துத்தான் இந்தப் பச்சை வந்திருக்கிறது.

ஊருக்குள்ளே வந்தால், கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்துக்கு எதிரே சிவகங்கைத் தீர்த்தம். கிருஷ்ணதேவராயர் காலத்துத் திருப்பணி. ராஜகோபுரத்தைத் தொடங்கியவரும் அவர்தான், முடித்தவர் தஞ்சையின் செவ்வப்ப நாயக்கர். மேற்கே அருணகிரிநாதர் கோயிலுக்கு முன்னால் அய்யங்குளம். தீபம் முடிந்ததும் மூன்று இரவு தெப்பல் திருவிழா அங்கேதான் நடக்கும். சில வருடங்களுக்கு முன் அதைத் தூர்வாரிப் படிகளைச் சீர்செய்தார்கள். இப்போது மாலையில் கோபுர நிழல் விழும் தண்ணீரைப் பார்க்கலாம். படகு என்று ஒன்று வேண்டுமானால் அந்தத் தெப்பல் போதும். வருடத்தில் மூன்று நாள், அதுவும் சாமிக்கு.

இதுவரை சொன்னது பிடித்துவைக்கும் தண்ணீர். எந்தக் குளமும் எந்த ஏரியும் ஒரு நாள் நிறைந்துதானே ஆக வேண்டும்? எங்கள் பக்கத்தில் அதை "ஏரி கோடி போவுது" என்பார்கள். கலங்கல் வழியாக உபரி வெளியேறி, வாய்க்காலில் விழுந்து, அடுத்த ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை யாராவது அடைத்தால் மேலே வெள்ளம், கீழே வறட்சி. பள்ளிக்கூடத்தில் இதை ஒரு பாடமாக நடத்துவதைவிட, ஐப்பசி கார்த்திகையில் ஒரு கலங்கல் பக்கத்தில் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

இங்கே கொஞ்சம் கசப்பான பேச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் பாறையும் சேறும் சரிந்து வீடு ஒன்றை மூடியது. ஏழு பேர் இறந்தார்கள். ஐந்து பேர் பிள்ளைகள். அந்த வருடம் தீபத்தன்று பொதுமக்களை மலையேற விடவில்லை. அந்தப் புயல் நாட்களில்தான் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட வெள்ளம் தென்பெண்ணைக் கரையோர ஊர்களை அடித்துக்கொண்டு போனது. வ.உ.சி. நகரில் இறந்தவர்கள் யாரும் ஆசைப்பட்டு மலைச்சரிவில் போய் இருந்தவர்கள் இல்லை. ஊருக்குள் வாடகை கட்ட முடியாதவர்கள் மேலே மேலே போய் வீடு கட்டிக்கொள்கிறார்கள். ஊருக்குள் வாடகை ஏன் ஏறியது? நிலம் ஏன் ஏறியது? இதில் உங்களுக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு நாள் வந்தவர்களுக்கு ஊர் பிடித்துப்போகிறது. அடுத்த முறை வரும்போது ஒரு மனை பார்க்கிறீர்கள். "மலை தெரியும் மனை" என்று விளம்பரம் போட்டு விற்கிறார்கள். வாங்குவதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஒன்று மட்டும் செய்யுங்கள். தாலுகா அலுவலகத்தில் கிராமப் புலப்படத்தை வாங்கி, அந்தச் சர்வே எண்ணுக்குள்ளோ அதன் ஓரத்திலோ வாய்க்கால், ஓடை, ஏரி உள்வாய் என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பத்திரத்தில் இல்லாதது படத்தில் இருக்கும். மழைக்காலத்தில் ஒரு தடவை நேரில் வந்தும் பாருங்கள். கோடையில் காட்டும் மனையெல்லாம் மேடாகத்தான் தெரியும்.

சரி, கசப்பு முடிந்தது. அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். கால்வாய் பார்க்க ஷாங்காய் போக வேண்டாம். எங்கள் ஊரிலிருந்து வேட்டவலம் பக்கம் போனால் நந்தன் கால்வாய் இருக்கிறது.

நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். திருவண்ணாமலைப் பக்கத்து மழையைச் சுமந்துகொண்டு தென்கிழக்கே ஓடித் தென்பெண்ணையில் சேரும் துரிஞ்சலாற்றை, கீரனூர் என்ற ஊரில் குறுக்கே அணைக்கட்டு போட்டுத் தடுத்து, அங்கிருந்து ஒரு கால்வாயைப் பிரித்திருக்கிறார்கள். சுமார் 38 கிலோமீட்டர். கொஞ்ச தூரம் திருவண்ணாமலை மாவட்டம், பிறகு பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம். வழியெல்லாம் ஏரிகளை நிரப்பிக்கொண்டே போய்க் கடைசியில் பனமலை ஏரியில் முடிகிறது. மொத்தம் 36 ஏரிகள். 6,500 ஏக்கருக்கு மேல் பாசனம். பல்லவ மன்னன் நந்திவர்மன் வெட்டியது என்று கால்வாய்க் கரையில் இருக்கிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். கால்வாய் முடியும் இடத்தில் பல்லவர் கட்டிய கோயில் நிற்பதால் அந்தப் பேச்சை லேசாகத் தள்ளிவிடவும் முடியாது.

இதில் படகு போனதில்லை, போகவும் முடியாது. ஓடை அளவுதான் இருக்கும். ஆனால் இதை வெட்டியவர்களின் கெட்டிக்காரத்தனத்தைக் கவனியுங்கள். 38 கிலோமீட்டருக்கு மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது. நிலத்தின் வாட்டத்தைப் பார்த்து, மேட்டைச் சுற்றி, பள்ளத்துக்கு விழுந்துவிடாமல், தண்ணீர் தானாக நடக்கும் அளவுக்கு மட்டும் சரிவு கொடுத்து வளைத்து வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். சரிவு கூடினால் கரையை அரிக்கும், குறைந்தால் வண்டல் படிந்து தூர்ந்துபோகும். வரைபடத்தில் பார்த்தால் கால்வாய் ஏன் இப்படிக் கோணல்மாணலாகப் போகிறது என்று தோன்றும். கரைமேல் நடந்தால் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு மேடு காரணம் சொல்லும்.

என் மாமியார் அந்தக் கால்வாய்ப் பாசனத்து ஊரில் பிறந்தவர். போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நாங்கள் குடும்பத்தோடு கீரனூரிலிருந்து பனமலை வரை போய்வந்தோம். காரில் உட்கார்ந்ததிலிருந்து அத்தைக்கு வாய் ஓயவில்லை. "கால்வா தண்ணி வருதுன்னு தண்டோரா போடுவாங்க. எங்க நைனா ரெண்டு நாளு வூட்டுக்கே வரமாட்டாரு. மேலூர்க்காரன் ராத்திரியில மடையை அடைச்சிடுவான்னு ஊருக்கு ரெண்டு ஆளு லாந்தரோட காவலு." சின்னவன் கேட்டான்: "ஆயா, நீங்க அடைச்சதே இல்லியா?" அத்தை கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, "கீழூர்க்காரன் கிட்ட கேட்டா வேற கதை சொல்லுவான்" என்றார்.

கால்வாயின் துக்கமே அந்தக் கீழூர்தான். துரிஞ்சலாறு வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. மழை வந்தால் ஒரேயடியாக வரும், இரண்டு மூன்று வாரத்தில் வடிந்துவிடும். அந்தக் கொஞ்ச நாளில் அணைக்கட்டின் தலைப்பு மதகு சரியாகத் திறந்து, கால்வாய் சுத்தமாக இருந்து, கரை உடையாமல் இருந்தால்தான் கடைசி ஏரி வரை தண்ணீர் போகும். முள்ளும் வண்டலும் அடைத்துக்கொண்டால் முதல் சில ஏரிகளோடு சரி. அதனால்தான் சாத்தனூர் அணையின் உபரித் தண்ணீரை இதோடு இணைக்க வேண்டும் என்று விவசாயிகள் தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1958-இல் கட்டிமுடித்த அந்த அணை நிறைந்து, 2024 டிசம்பரைப் போல வெள்ளமாகத் திறந்துவிடும் வருடத்திலும் பனமலைக்காரர்கள் வானத்தைப் பார்ப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி மட்டும் வரும். நடுவில் சீரமைப்புப் பணிகளும் நடந்திருக்கின்றன; கான்கிரீட் பூசிய கரைகளைப் பார்த்தாலே தெரியும்.

நீங்கள் போய்ப் பார்ப்பதால் தண்ணீர் வந்துவிடாது. ஆனாலும் சோவ்சுவாங் பிழைத்ததற்கு அதைப் பார்க்க வெளியாட்கள் வந்ததும் ஒரு காரணம். யாருமே பார்க்காத வாய்க்காலைத் தூர்ப்பது சுலபம். ஒரு கல்வெட்டும் காப்பாற்றாத கால்வாயை, வருகிற போகிற நாலு குடும்பம் கேட்கும் கேள்வி கொஞ்சம் காப்பாற்றும் என்று நினைக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது. ஐப்பசி பாதியிலிருந்து மார்கழிக்குள் வாருங்கள். சித்திரையில் வந்தால் முள்செடிக்குள் ஒரு பள்ளம்தான் தெரியும், பிறகு என்னைத் திட்டுவீர்கள். கோயிலுக்கு விடியற்காலையிலேயே போய்விடுங்கள். வரிசை குறைவு, பத்து மணிக்குள் கிளம்பிவிடலாம். சாப்பாட்டை இலையில் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். வேட்டவலத்தைத் தாண்டினால் கழிப்பறை என்று ஒன்று கண்ணில் படாது. பெண்பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் வருகிறவர்கள் அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. சாலையோரத்தில் வேகவைத்த மல்லாட்டை விற்பார்கள். நீங்கள் வேர்க்கடலை என்பீர்கள். படியில் அளந்து பையில் கொட்டிக்கொடுப்பார்கள். அதைக் கொறித்துக்கொண்டே போனால் ஏரிகள் கடந்துபோவது தெரியாது, அதனால் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் போங்கள்.

கீரனூர் அணைக்கட்டில் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். தண்ணீர் மேலே அமைதியாகத்தான் இருக்கும், மதகு வாயில் இழுப்பு பலமாக இருக்கும். காலைக்கூட நனைக்க வேண்டாம். ஷட்டரின் சக்கரத்தைத் தொட வேண்டாம். அதைத் திறப்பதும் மூடுவதும் முப்பத்தாறு ஊர்களின் விவகாரம். கரையில் நின்று ஆறு எந்தப் பக்கம் போகிறது, கால்வாய் எந்தப் பக்கம் பிரிகிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எங்கள் பெரியவள் ஒரு காய்ந்த இலையைப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தாள். வழியில் ஏதாவது ஓர் ஏரியில் நிறுத்தி மதகைக் காட்டுங்கள், கலங்கலைக் காட்டுங்கள். கொக்கும் நாரையும் நீர்க்காகமும் தாமே வந்து நிற்கும். வலை வீசுகிறவர்கள் இருந்தால் இன்றைக்கு என்ன மீன் என்று கேளுங்கள். ஊருக்குள் யாராவது, "யாருங்க, எந்த ஊரு, நெலம் பாக்க வந்தீங்களா?" என்று கேட்பார்கள். கால்வாய் பார்க்க வந்தோம் என்று சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள். நம்பிவிட்டால் விட மாட்டார்கள். எந்த வருடம் எந்த ஏரி உடைந்தது, எந்த எம்.எல்.ஏ. வந்து பார்த்தார் என்று முழு வரலாறும் கிடைக்கும். ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

வெயில் சாயுமுன் பனமலைக்குப் போய்விட வேண்டும். ஏரியைப் பார்த்தபடி ஒரு சின்னக் குன்று, அதன்மேல் தாளகிரீசுவரர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே ராஜசிம்ம பல்லவன் கட்டியது. தூண்களில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் சிங்கங்களைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பக்கச் சன்னதி ஒன்றின் சுவரில் ஓர் அம்மனின் ஓவியம் இருக்கிறது. ஒரு காலை மடித்து, தலைக்கு மேல் குடையோடு, சற்றே தலை சாய்த்து, சிவனின் ஆட்டத்தைப் பார்த்து நிற்கிறாள். ஆடுகிறவரின் உருவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. பார்க்கிறவள் மட்டும் ஆயிரத்து முந்நூறு வருடமாக நிற்கிறாள். தமிழ்நாட்டில் மிஞ்சியிருக்கும் பல்லவர் ஓவியங்களே விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒன்றை இத்தனை பக்கத்தில் நின்று பார்க்கலாம். பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், சுவரைத் தொடாதீர்கள். கோயில் பூட்டியிருந்தால் கீழே ஊருக்குள் விசாரியுங்கள்.

வெளியே வந்து பிராகாரத்தின் ஓரத்தில் நின்றால் கீழே ஏரி விரிந்து கிடக்கும். காலையில் கீரனூரில் பார்த்த தண்ணீர் அதுவரை வந்திருக்கிறதா என்பதைப் பிள்ளைகளே பார்த்துச் சொல்லட்டும். நாங்கள் போன அன்று முக்கால் ஏரி இருந்தது. அத்தை கரையைக் கணக்குப் பார்த்துவிட்டு, "ஒரு போகத்துக்கு ஆவும்" என்றார்.

சென்னைக்காரர்கள் அங்கிருந்து விழுப்புரம் போய் நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம். புதுச்சேரிக்காரர்களுக்கும் அதே வழிதான். பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் மட்டும் நாளைத் தலைகீழாகப் போட்டுக்கொள்ளுங்கள். முந்தின இரவே வந்து தங்கி, காலையில் பனமலை, மதியம் கீரனூர், மாலையில் கோயில். மதியம் மூடும் நடை மூன்றரைக்கு மேல் திறக்கும். காருக்குள் மல்லாட்டைத் தோல் கொஞ்சம் சிந்தியிருக்கும். அதை எங்கள் தெருவில் தட்டாமல், அங்கே ஏதாவது ஒரு வயல் வரப்பிலேயே தட்டிவிட்டு வாருங்கள், மாடு தின்னும்.

இப்படிக்கு,
ஊர்க்காரி ஒருத்தி,
திருவண்ணாமலை.